60 சென்ட்டை யார் பேரில் எழுதுவது?

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) ஒன்றிலிருந்து ஒரு அக்கா, கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"வக்கீலம்மாவுக்கு வணக்கம். என் அம்மாவும் அப்பாவும் சிலோனிலிருந்து மண்டபம் கேம்ப் வழியாக வந்தவர்கள். நான் 31 வருஷமாகக் கொழுந்து பறிக்கிறேன். வரும் தையோடு 58 முடிகிறது. வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி செக் என்று ஆபீசில் சொல்கிறார்கள். எங்கள் லைனில் இதே நிலையில் 18 குடும்பம் இருக்கிறோம். பக்கத்தில் ஒருவர் தன் தேயிலைக் காட்டில் 60 சென்ட் தருகிறேன், சென்ட் 80,000 என்கிறார். தலைக்கு இரண்டே முக்கால் லட்சம்போல ஆகிறது. 18 பேர் பேரிலும் ஒரே பத்திரமாக எழுதிக்கொள்ளலாமா? பிறகு யாராவது விற்றுவிட்டுப் போனால் என்ன ஆகும்? வீடு கட்ட அரசு தரும் பணம் வருமா? கடைசியாக ஒன்று. எங்கள் லைனில் ஒரு பாட்டி இருக்கிறார். பிள்ளை இல்லை, காசும் இல்லை. அவரை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை."

அக்கா, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: 18 பேர் பேரில் ஒரே பத்திரம் வேண்டாம். எழுத முடியாது என்பதில்லை. சார்பதிவாளர் பதிந்து கொடுத்துவிடுவார், கூட்டுப் பட்டாவும் வரும். வந்த பிறகுதான் தொல்லையே.

இருபது வருஷத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு வழக்கில் ஆஜரானேன். 11 குடும்பம், எல்லாரும் தோட்டத்தில் ரிட்டையர் ஆனவர்கள், 40 சென்ட், ஒரே கிரயப் பத்திரம். முதன்முதலில் அங்கே போனபோது, நடுவில் ஒரே குழாய். பக்கத்தில் துவைக்கிற கல். குடங்கள் வரிசையாக இருந்தன, சண்டை சச்சரவு கிடையாது. பிறகு ஒரு பெரியவர் காலமானார். கோயம்புத்தூரில் கடனில் மாட்டியிருந்த அவர் மகன், தன் பதினொன்றில் ஒரு பாகத்தைக் சமவெளிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் குடியிருக்க வரவில்லை. காட்டேஜ் கட்ட இடம் சேர்த்துக்கொண்டிருந்தவர் அவர். நேராகப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். பாகஸ்தர் யாராக இருந்தாலும் 'என் பங்கைப் பிரித்துக் கொடு' என்று கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிரிக்க முடியாத இடமென்றால் விற்றுப் பணமாகப் பங்கிடச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஒன்பது வருஷம் இழுத்தது. கடைசியாக நான் போனபோது அந்த ஒரே பைப்பில் ஏழு குழாய். ஏழுக்கும் பூட்டு. வழக்கு முடிந்தபோது பழைய ஆட்களில் மூன்று குடும்பம்தான் மிச்சம்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஏமாளிகளும் இல்லை. சேர்ந்து வாங்கினார்கள், சேர்ந்து வைத்துக்கொள்வதற்கு மட்டும் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. கூட்டுப் பட்டாவில் உங்கள் கையில் இருப்பது பிரிக்கப்படாத பாகம். அதை விற்கலாம், அடமானம் வைக்கலாம், மகனின் கடனுக்கு ஜாமீனாகவும் கொடுக்கலாம். ஒருவர் செய்தால் 18 பேருக்கும் அது தலைவலி.

"யாரும் விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டால்?" என்று கேட்பீர்கள். நிறையப் பேர் கேட்கிறார்கள். சொத்து மாற்றுச் சட்டம், 1882, 10ஆவது பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கிறது. ஒருவருக்கு முழு உரிமையும் கொடுத்துவிட்டு, 'ஆனால் நீ விற்கவே கூடாது' என்று போடும் நிபந்தனை செல்லாது. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு வாசலும் இருக்கிறது. குத்தகைக்கு அந்தத் தடை கிடையாது. குத்தகைக்குக் கொடுப்பவர் தன் நன்மைக்காக, இதை இன்னொருவருக்கு மாற்றாதே என்று நிபந்தனை போட்டால் அது செல்லும்.

ஆகவே நிலம் உங்கள் யார் பேருக்கும் வரக் கூடாது. நீங்கள் எல்லாரும் சேர்ந்த சங்கம் வாங்க வேண்டும். சங்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகையாக வீட்டிடத்தைத் தர வேண்டும். நிலம் சங்கத்துடையது, அதில் வாழும் உரிமை உங்களுடையது. உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளைக்கும் போகும். சந்தையில் வைத்து விற்க மட்டும் முடியாது. கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் தங்கள் துணைவிதியில் (சங்கம் தனக்கென எழுதிக்கொள்ளும் விதிகளில்) உரிமை மாற்றத்துக்குக் கட்டுப்பாடு போடலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. (அந்த வழக்கு அகமதாபாத்தில் ஒரு பார்சி சங்கம் தன் மதத்தாருக்கு மட்டும் என்று வைத்திருந்த விதியைப் பற்றியது. அந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் அந்த மாதிரி எதையும் எழுதிவிடாதீர்கள்.)

இது ஏதோ புதுசாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சிறு விவசாயிகள் கொழுந்து போடும் இண்ட்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை யாருடையது? உறுப்பினர்களுடையது. குந்தாவில் 1962இல் தொடங்கிய ஏற்பாடு அது. கொழுந்து விலையைப் பற்றி ஆயிரம் குறை சொன்னாலும், ஒரு உறுப்பினர் தன் பங்குக்குப் பாய்லரைக் கழற்றிக்கொண்டு போக முடியாது, இல்லையா? தோடர் மந்துகளின் (அவர்கள் குடியிருப்புகளின்) நிலமும் தனி ஆளுடையதில்லை, சமூகத்துடையது. கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தார் 1990களின் பிற்பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தையே வாங்கிப் பொதுவில் வைத்தார்கள்.

வினோபா பாவேயின் கிராமதானமும் இதே கணக்குத்தான். நிலத்தின் உரிமை கிராம சபைக்கு. உழுகிற உரிமை குடும்பத்துக்கு, பரம்பரையாக. வெளியாளுக்கு விற்கக் கூடாது. மதுரைப் பக்கம் சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் இதற்காக ஊர் ஊராக நடந்தார்கள். 1958இல் நம் மாநிலத்தில் பூதான (நிலக்கொடை) சட்டமே வந்தது. தானமாக அறிவித்த ஊர்கள் ஏராளம், காகிதத்தில் கடைசிவரை முடிந்தவை கொஞ்சம். ஆனால் அந்த யோசனை கடல் தாண்டிப் போயிற்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகள் 1969இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற பெயரில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பொதுவில் வாங்கியபோது, அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தவற்றில் கிராமதானமும் ஒன்று. இன்று பல நாடுகளில் ஏழைகளுக்கு வீடு கிடைக்கச் செய்யும் சமூக நில அறக்கட்டளை முறை அங்கிருந்துதான் கிளைவிட்டது.

அந்தக் கதையில் உங்களுக்கு வேண்டிய பகுதி அதன் முடிவு. வறட்சி வந்தது, கடன் வாங்கினார்கள், கட்ட முடியவில்லை. 1985இல் மொத்த நிலமும் கடனுக்குப் போனது. எவ்வளவு அழகான ஏற்பாடாக இருந்தாலும் நிலத்தை அடமானம் வைத்துவிட்டால் அவ்வளவுதான். எனவே துணைவிதியில் முதல் வரியாக எழுதச் சொல்வேன்: சங்க நிலத்தை எந்தக் கடனுக்கும் ஈடாக வைக்கக் கூடாது. வங்கிக் கடன் கிடைப்பது இதனால் கஷ்டமாகும். ஆகட்டும். குழுக் கடன், நகைக் கடன் என்று மெதுவாகக் கட்டுங்கள்.

சரி, எந்தச் சங்கம்? தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் கீழ் பதிவு செய்வது நல்லது. அதற்குக் குறைந்தது 25 பேர் வேண்டும், அதுவும் வெவ்வேறு குடும்பத்தவர்களாக. நீங்கள் 18. சங்கப் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் என்றால் 7 பேர் போதும். கூட்டுறவுப் பதிவு தள்ளிப்போனால் அதை மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏழெட்டுப் பேர் கையில் கணக்குப் புத்தகம் இருக்கும் சங்கங்கள் என்ன ஆகின்றன என்று பார்த்தவள் நான். கூட்டுறவில் தணிக்கை என்று ஒன்று வரும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் அது நல்லது.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் மேல் டிவிஷனிலும் இதே பேச்சு நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து ஏழு குடும்பத்தைச் சேருங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 சென்ட்டுக்கு 48 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 4 லட்சத்து 32 ஆயிரம். இதை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. 18 குடும்பமென்றால் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2 லட்சத்து 91 ஆயிரம் ஆகிறது. 25 என்றால் 2 லட்சத்து 10 ஆயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இடம் போதுமா? 60 சென்ட் என்பது 26,000 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். 25 வீடு, வீட்டுக்கு 360 சதுர அடி என்றால் 9,000. பாதை, தடுப்புச் சுவர், மழைநீர்க் கால்வாய் எல்லாம் போக, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டினால் போதும். மறுபடியும் லைனா என்று முகம் சுளிக்காதீர்கள். ஒட்டுச் சுவரில் செலவு மிச்சம், குளிரும் குறைவு. லைன் வீட்டில் குறை சுவரில் இல்லை, காலி பண்ணு என்று சொல்ல இன்னொருவர் இருந்ததில்தான்.

ஆனால் இவ்வளவும் அந்த இடம் நல்ல இடமாக இருந்தால் மட்டும். இங்கேதான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய் கொடுக்கும் முன்பு, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் நாலு பேர் போய் அந்தக் காட்டை நடந்து பாருங்கள். சில்வர் ஓக் மரங்கள் அடியில் பள்ளத்துப் பக்கம் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தால், மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மண் வெட்டிய பக்கத்தில் தண்ணீர் கசிகிறதா, தேயிலை மட்டத்தின் நடுவில் வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். 2009 நவம்பரில் ஒரே அடைமழையில் நம் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனதை நீங்களும் பார்த்தவர்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. மலிவாகக் கிடைக்கிற சரிவு ஏன் மலிவு என்று கேட்டே ஆக வேண்டும்.

காகிதத்தில் பார்க்க வேண்டியதும் உண்டு. வில்லங்கச் சான்று மட்டும் போதாது. மூலப் பத்திரம், அ-பதிவேட்டு நகல் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவு), புலப்படம் (அளவு வரைபடம்) மூன்றையும் வாங்குங்கள். அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டாவா, பஞ்சமி நிலமா, 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். கடைசி வகையென்றால் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. (கூடலூர் வாசகர்களுக்கு: உங்களுக்கு இதோடு 1969 ஜன்மம் சட்டத்தின் 17ஆவது பிரிவும் உண்டு. அது தனிப் புராணம், இன்னொரு வாரம்.) தேயிலைக் காட்டை வீட்டுமனையாக்க உள்ளாட்சியின் ஒப்புதல் மட்டும் போதாது. மலையிடப் பாதுகாப்புக் குழுவின் கீழ் வரும் கிராமமென்றால் வனத்துறை, கனிமவளம், வேளாண் பொறியியல் என்று பல மேசைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். பொக்லைன் இறக்கவே ஆட்சியர் அனுமதி வேண்டிய ஊர் நம்முடையது. 'எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று விற்பவர் சொன்னால், அந்தச் சான்றுகள் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம் என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்யுங்கள்.

அரசுப் பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம். பிரதமர் ஊரகத் திட்டத்தில் மலைப்பகுதிக்கு மத்திய அரசின் கணக்கு 1 லட்சத்து 30 ஆயிரம். இரண்டும் 'உன் பேரில் இடம் இருக்கிறதா?' என்றுதான் கேட்கின்றன. சங்கத்தின் பேரில் நிலம் இருந்தால் அங்கே இடிக்கும். பூசி மெழுகி உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை. தனிப் பட்டா இருந்தால் பணம் கிடைக்க வழியுண்டு, நிலம் கைமாறிப் போகவும் வழியுண்டு. பொதுவில் இருந்தால் நிலம் தங்கும், அந்தப் பணம் வருவது சந்தேகம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், சங்கம் பதிவு செய்து தரும் நீண்டகாலக் குத்தகையை ஏற்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அப்படியே ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவும் போடுங்கள், மொத்தமாக 25 பேரும் போய். உருகுவே நாட்டில் 1968இல் வீட்டுச் சட்டம் போட்டபோது, கூட்டாக வைத்திருக்கும் சங்கங்களுக்கே அரசு கடன் தரலாம் என்று எழுதிக்கொண்டார்கள். குடும்பத்துக்கு வாரம் 21 மணி நேரம் உடலுழைப்பு போட்டு ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டினார்கள். இங்கே நம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் பெரும்பாலும் கடன் கொடுத்தன, மனை பிரித்தன, பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. நீங்கள் கேட்பது வேறு மாதிரி என்பதால் கூட்டுறவு வீட்டுவசதித் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கொஞ்சம் முழிப்பார்கள். துணைவிதி வரைவைக் கையிலேயே கொண்டுபோங்கள்.

அந்தத் துணைவிதியில் சண்டை வரும் இடங்களை இப்போதே எழுதிவிடுங்கள், எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே. ஒருவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ போக நினைத்தால், கட்டிய பணமும் வீட்டுக்குச் செலவழித்ததும், அதோடு தபால் ஆபீஸ் சேமிப்பு வட்டி அளவுக்கு ஒரு கூடுதலும் தந்து சங்கமே திரும்ப எடுத்துக்கொள்ளும். அன்றைய சந்தை விலை கிடையாது. இது கசக்கும். பத்து வருஷம் கழித்துப் பக்கத்தில் சென்ட் நாலு லட்சத்துக்குப் போகும்போது இன்னும் கசக்கும். இதை ஏற்காதவர் இப்போதே விலகட்டும், கோபமில்லாமல். அப்புறம், ஒதுக்கீடு பெண்கள் பேரில் இருக்கட்டும். செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) 31 வருஷம் இருந்தது உங்கள் பேர்தானே? மாதம் வீட்டுக்கு 200 ரூபாய் பராமரிப்புக்கு. வருஷத்துக்கு 60,000 சேரும். ஒரு தடுப்புச் சுவர் சரிந்தால் அதுகூடப் பத்தாது, ஆனால் வேலையைத் தொடங்கவாவது கையில் பணம் இருக்கும். குழாய் ஒன்றுதான் என்றால் அதையும் எழுதுங்கள்.

கிராஜுவிட்டி விஷயம் தனி. வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், தாமதித்தால் வட்டி உண்டு. ஓய்வு பெறும் அன்றே எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஆபீசில் கையெழுத்து வாங்குங்கள். தரவில்லையென்றால் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை. புது இடம் தயாராகும் வரை ஆறு மாதமோ ஒரு வருஷமோ லைனில் இருக்க அவகாசம் கேட்டு, அதையும் சேர்ந்தே எழுதிக் கொடுங்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 17 லட்சத்துக்கு மேல் வீடற்றவர்கள் என்று எண்ணினார்கள். கூரைக்குக் கீழே இருக்கிற உங்களை அதில் சேர்க்க மாட்டார்கள். லைனை விட்டு இறங்கிய மறுநாள்தான் நீங்கள் அந்தக் கணக்குக்குள் வருவீர்கள். அந்த நாள் வரவே வேண்டாம் என்பதற்குத்தான் இத்தனை பேச்சும்.

பாட்டி. நாலு பக்கக் கடிதத்தில் இதைக் கடைசி நாலு வரியில், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். தனித்தனிப் பட்டாவில் பாட்டிக்கு இடமில்லை, யாராவது ஒருவர் தன் வீட்டில் ஒதுங்கவிட்டால்தான் உண்டு. நிலம் சங்கத்துடையது என்றால், 25 வீட்டில் ஒன்று சங்கத்தின் சொந்த வீடாக இருக்கட்டும். முதல் குடித்தனம் பாட்டி. வாடகையாக முதியோர் பென்ஷனிலிருந்து ஏதோ சிறு தொகை, பேருக்கு. அவருக்குப் பிறகு அந்த வீடு அடுத்து இதே நிலையில் வருகிறவருக்கு. நிலத்துக்கான 48 லட்சத்தை 25ஆல் வகுத்தால் 1 லட்சத்து 92 ஆயிரம், பாட்டியை விட்டு 24ஆல் வகுத்தால் சரியாக 2 லட்சம். குடும்பத்துக்கு எட்டாயிரம் கூடும். பதிவுச் செலவில் இன்னும் ஒரு ஆயிரத்துக்குள். வீடு கட்டும் செலவிலும் ஒரு பங்கு வரும். அதைக் குழுவில் உட்கார்ந்து பேசுங்கள்.

பாட்டியை உறுப்பினராகச் சேர்ப்பதற்குக் குறைந்தபட்சப் பங்குத் தொகை போதும். மேல் டிவிஷனில் ஆறு பேர்தான் கிடைத்தாலும் பாட்டியைச் சேர்த்தால் உங்களுக்கு 25 ஆகிவிடுகிறது. கைநாட்டும் செல்லும், சாட்சிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.